கொடுமணலுக்கு வழி எங்கே?

சென்னிமலை ஆண்டவனைத் தரிசிக்க வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். அங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால், நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. மலையேறியவர்களில் அவ்வூரையும் ஒருமுறை பார்த்து வருவோம் என்று புறப்படுவோர் மிகச் சிலரே. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. போனால் காண்பதற்கு அங்கே மேட்டுக்காடும் சில கல்வட்டங்களுமே உண்டு. காணவேண்டியவை யாவும் காலடியில், மண்ணுக்குள் இருக்கின்றன.

பதிற்றுப்பத்து கொடுமணம் என்று போற்றும் ஊர் இதுவே என்பது அறிஞர் முடிவு. 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தனர். பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் உழைப்பால் இவ்வூரின் புகழ் உலகறிந்தது. பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், மத்திய சர்க்காரின் தொல்லியல் துறையும், தமிழ்நாட்டுத் துறையும் வேலையைத் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. படியூரின் பச்சைக்கல்லையும் சிவன்மலையின் நீலக்கல்லையும் பட்டை தீட்டி மணியாக்கிய தொழிலாளர் வாழ்ந்த இடம் தெரிந்தது. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன.

இந்த ஓடுகளே நமக்குப் பெருஞ்செல்வம் என்போம். அரசன் கல்லில் வெட்டுவித்த சாஸனங்கள் அல்ல இவை. சாத்தன், ஆதன் என்று பெயர் பூண்ட சாமானியர் தம் சட்டிபானைகளில் கீறிக்கொண்ட எழுத்துக்கள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கொங்கு நாட்டில் எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் இந்த அத்தாட்சியை, அது கிடைத்த ஊரின் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்க்க வழியில்லை. குழிகள் மூடப்பட்டன, பொருள்கள் ஆராய்ச்சியாளரோடு வெளியூர்களுக்குச் சென்றன.

குழியை மூடுவது குற்றமன்று. திறந்து விட்டால் ஒரே மழையில் சுவர் சரியும். ஆயிரம் வருஷம் மண் காத்த பொருளை ஒரு பருவம் அழித்துவிடும். ஆகவே படமெடுத்து, அளந்து, வரைந்து, மீண்டும் மண்ணிட்டு மூடுவது சாஸ்திர முறையே. ஆனால் எல்லாக் குழிகளையும் மூடித்தான் ஆகவேண்டுமென்பதில்லை. ஆதிச்சநல்லூரில் குழியின்மேல் கண்ணாடித் தளமிட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காணும்படி செய்த காட்சிக்கூடம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கிரேக்க தேசத்தின் ஏதென்ஸ் நகரில், பழைய தெருக்களும் வீடுகளும் புதைந்த நிலத்தின்மேல் தூண்களை நிறுத்தி, 2009-இல் திறந்த அருங்காட்சியகத்திலும் கண்ணாடி வழியே அவற்றைக் காணலாம். பொருநைக் கரையில் செய்ததை நொய்யற் கரையில் செய்ய இயலாதா?

வழிகாட்டாமல் விட்டால் விளைவு என்னவாகும் என்பதற்கு நமது கோயமுத்தூரே சாட்சி. நகரை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு, அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய ரோமச் சக்கரவர்த்திகளின் வெள்ளி நாணயங்கள் ஐந்நூற்றுக்கு மேல் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்கடலுக்கும் கருவூருக்கும் நடந்த வர்த்தகத்தின் சுவடு அது. இன்று நகரவாசி ஒருவரிடம் வெள்ளலூர் என்று சொல்லிப் பாருங்கள். அவர் நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு!

சட்டம் இருக்கிறதே என்பர் சிலர். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்கிறது. சாத்தன் பெயர் கீறிய ஓட்டுக்கு எந்தச் சந்தையில் என்ன விலை? பிற்காலத்துச் சட்டங்கள் பழம்பொருளுக்குக் காப்பளிப்பது மெய்யே. எனினும் ஏர் முனையில் தட்டுப்படும் ஓட்டைப் பொறுக்கி வைப்பதா, வரப்பில் எறிவதா என்று முடிவு செய்பவர் உழவரே. அதன் அருமையைக் கண்ணால் கண்டவரே அதைக் காப்பார். சட்டப் புஸ்தகம் வரப்பில் நின்று காவல் காக்காது.

ஈரோடு ஜில்லாவில் 22 கோடி ரூபாய்ச் செலவில் நொய்யல் அருங்காட்சியகம் அமைப்பதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025 மார்ச்சு மாத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பணம் கட்டடத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஒரு குழியையாவது கூரையிட்டுக் கண்ணாடித் தளத்தோடு கொடுமணலிலேயே திறந்து வைக்க வேண்டும். அங்கே கிடைத்த ஓடுகளும் மணிகளும் அவ்வூருக்குத் திரும்ப வேண்டும். சென்னிமலைக்கு வருவோர் அன்றே பார்த்துத் திரும்பும்படி பஸ் விட வேண்டும். வழிகாட்டும் பணியை உள்ளூர் இளைஞருக்கே பயிற்றித் தரவேண்டும். நிலம் தேவையானால் உழவருக்கு நியாயமான கிரயம் கொடுத்தே பெற வேண்டும். பேரனின் காட்டைப் பிடுங்கிப் பாட்டனுக்கு மாளிகை கட்டுவது தர்மமாகாது.

இவை பெருங்காரியங்கள் அல்ல. பஞ்சாயத்தாரும் ஆசிரியர்களும் பொதுஜன ஊழியர்களும் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடியவையே. நம் முன்னோர் மேன்மையை மேடைதோறும் முழங்குகிறோம். அம்மேன்மை புதைந்து கிடக்கும் இடத்துக்கு ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வழி செய்தோமா? அதைச் செய்த பிறகு முழங்குவோம். அப்போது நம் குரலுக்கு மதிப்புண்டாகும்.