கலம் இரண்டாகும் விதம்

மனிதன் தன் வாழ்வை ஒரேயொரு கலமாகவே தொடங்குகின்றான். அவ்வொரு கலம் கோடானுகோடியாய்ப் பெருகுவது எங்ஙனம்? கலம் கலத்திலிருந்தே தோன்றும் என ஜேர்மனிய அறிஞர் வேர்க்கோ 1855 இல் எடுத்துரைத்தார். அது பிரியும் முறையைச் சலமாந்தரின் குடம்பிகளில் ஆராய்ந்து, 1882 இல் நூலாக வெளியிட்டவர் வால்தர் பிளெமிங் என்பார். கருவினுள் நூல்போன்ற உருக்களைக் கண்ட அவர், இழை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயரமைத்தார். நாம் இதனை இழையுருப்பிரிவு என்கின்றோம்.

பிரிவு தொடங்குமுன், இடையவத்தையிலேயே, ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரட்டித்துவிடும். அவ்விரு பிரதிகளும் அரைநிறவுருக்கள் எனப்படும். அவை மையப்பாத்தில் இணைந்திருக்கும். முன்னவத்தையில் அவை சுருண்டு தடித்துப் புலனாகும், கருமென்சவ்வு சிதையும், கதிர்நார்கள் தோன்றும். அனுவவத்தையில் நிறமூர்த்தங்கள் யாவும் கலத்தின் நடுத்தளத்தில் அணிவகுக்கும். அவற்றுள் ஒன்றேனும் கதிருடன் முறையாக இணையாதிருப்பின், ஏனையவை பிரியாது காத்திருக்கும். மேன்முகவவத்தையில் அரைநிறவுருக்கள் பிரிந்து எதிர்முனைகளுக்கு இழுக்கப்படும். ஈற்றவத்தையில் இரு கருக்கள் உருவாகும். பின்னர் விலங்குக் கலம் இடையிற் சுருங்கி இரண்டாகும். தாவரக் கலமோ விறைத்த சுவருடையதாகலின், நடுவே கலத்தட்டொன்றை அமைத்துக்கொள்ளும்.

இதன் பயன் யாது? மகட்கலம் ஒவ்வொன்றும் தாய்க்கலத்தின் நிறமூர்த்தங்களை எண்ணிற் குறையாது பெறுதலே. வெங்காய வேர்நுனியை நுணுக்குக்காட்டியில் நோக்கும் மாணவன் காணும் கலங்களில் அவை 16 ஆகும். மனிதனில் 46. நெடுங்காலம் 48 என்றே கருதப்பட்ட இவ்வெண்ணை 1956 இல் தியோவும் லெவானும் திருத்தினர். அறிஞரும் எண்ணுதற்கு இடர்ப்பட்டவற்றைக் கலம் நாள்தோறும் பிழையின்றிப் பங்கிடுகின்றது!

இவ்வொழுங்கு குலைந்து, கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரிவதே புற்றுநோய். பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் நாம் வழங்கும் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறித்தீன் என்னும் மருந்து, கதிர்நார்கள் அமையாவண்ணம் தடுத்துப் பிரிவை அனுவவத்தையிலேயே நிறுத்திவிடும். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு அது இன்றும் அளிக்கப்படுகின்றது. ஆயின், விரைந்து பிரியும் நலமுள்ள கலங்களையும் அது விட்டுவைப்பதில்லை. சிகிச்சை பெறுவோரின் தலைமயிர் உதிர்வது இதனாலேயே. நோயுற்ற கலத்தின் பிரிவும் நம்மை வளர்த்த பிரிவும் ஒரே வழியிற் செல்வன. அவற்றைப் பிரித்தறிந்து, நோயை மட்டும் தடுக்கும் வழியை நாடுவதே ஆராய்ச்சியாளர்முன் உள்ள பெரும்பணியாகும்.