டிஸ்க்குக்குப் பெயர் தெரியாது

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகிவிட்டால் வீட்டுக்கே பொதுச் சேமிப்பு தயார். படங்கள் திறக்கின்றன, பாட்டு ஓடுகிறது. புதிதாக ஒரு கோப்பைப் போடப் போனால் மட்டும் ‘அனுமதி இல்லை’ என்று வந்து நிற்கிறது. அதே டிஸ்க்கைக் கழற்றி, முன்பு அதில் கோப்புகளை ஏற்றிய லேப்டாப்பில் செருகினால் எந்த மறுப்பும் இல்லை. டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. அதைப் படிக்கும் இயந்திரம்தான் மாறியிருக்கிறது.

பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். அது யூனிக்ஸின் பழைய வழக்கப்படி ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பைப் பார்க்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஆக, 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. மற்ற இரு தரப்பும் எழுத முடியாது.

அந்த உரிமையாளர் யார்? டிஸ்க்கில் அவர் பெயர் எங்குமே இல்லை, வெறும் எண்தான் இருக்கிறது. உபுண்டுவில் முதல் கணக்கு தொடங்குபவருக்கு வழக்கமாக 1000, மேக்கில் 501. எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் அந்தந்தக் கணினிக்குள்ளேயே தங்கிவிடும். டிஸ்க்கோடு கூடவே வராது. ஒரு கோயிலில் செருப்புக்கு வாங்கிய டோக்கனை அடுத்த ஊர்க் கோயிலில் நீட்டுகிற கதைதான்.

நெட்வொர்க் வழியாக வருகிறவர்களை ரவுட்டரில் பெரும்பாலும் வரவேற்பது சாம்பா என்ற மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக வருபவரை அது பொதுவாக ‘நோபடி’ என்ற, ஏறக்குறைய எந்த உரிமையும் இல்லாத கணக்கில் உட்கார வைக்கிறது. பல லினக்ஸ்களில் அதன் எண் 65534. ஃபோல்டரோ 1000க்குச் சொந்தம், அனுமதி 755. ‘நோபடி’ மற்றவர்களில் ஒருவர். படிக்கலாம், எழுத முடியாது. படம் திறந்ததும் புதுக் கோப்பு மறுக்கப்பட்டதும் இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருத்த முடியாத கோப்பைக்கூடச் சில சமயம் அழித்துவிட முடியும். அழிப்பது என்றால் ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்குவது. அதற்குத் தேவை ஃபோல்டரில் எழுதும் அனுமதி, கோப்பில் அல்ல.

‘எல்லாவற்றையும் 777 ஆக்கிவிடு’ என்று யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. வேலை நடக்கும்தான். ஆனால் அதன் பிறகு, விருந்தினராக உள்ளே வர வழி இருந்தால், வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் உங்கள் குடும்பப் படங்களை அழிக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு கணக்கு தொடங்கி, அதற்கு எழுதும் உரிமை கொடுத்து, ஃபோல்டரின் உரிமையையும் அதே கணக்குக்கு மாற்றுவதே சரி.

இதெல்லாம் எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவ டிஸ்க்குக்கு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவங்களில் உரிமையாளரை எழுத இடமே கிடையாது. டிஸ்க்கை இணைக்கும்போது ரவுட்டரே எல்லாக் கோப்புக்கும் ஓர் உரிமையாளரைக் கற்பித்துக்கொள்கிறது. கோப்பு கோப்பாக அனுமதியை மாற்றிப் பயனில்லை. இணைக்கும் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸிலிருந்து முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருந்தால், சில ரவுட்டர்கள் அதைப் படிக்க மட்டும் இணைக்கும், அல்லது இணைக்கவே மறுக்கும். அதை மறுபடி விண்டோஸில் செருகிப் பிழை திருத்தி, முறைப்படி வெளியேற்றிக் கொண்டுவந்தால் போதும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் மறுப்பு வந்தால் லேப்டாப்பைப் பாருங்கள். விண்டோஸ் ஒரே சர்வருக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் நுழைய விடாது. முதலில் விருந்தினராகப் போயிருந்தால் புதிய கணக்கை ஏற்காமல் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வந்து, ரவுட்டருக்குள் புதிய பெயரில் நுழையுங்கள்.