ஜீரோ டிக்கெட்டுக்கு பில் கட்டுவது யார்?

காலை ஏழு மணி டவுன் பஸ். வீட்டு வேலைக்குக் கிளம்பிய அக்கா ஒருவர் டிபன் பையோடு ஏறுகிறார். கண்டக்டர் நீட்டும் டிக்கெட்டில் கட்டணம் இல்லை. 'காசுதான் இல்லையே, டிக்கெட் எதுக்கு?' என்று வாங்காமலே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. வாங்கிய வேகத்தில் ஜன்னலுக்கு வெளியே பறக்கவிடுகிறவர்களும் உண்டு.

அது வெறும் துண்டுக் காகிதம் அல்ல. பெண்கள் எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்குப் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருக்கும் கணக்கே அந்த டிக்கெட்தான்.

2021 மே 7 அன்று முதல்வராகப் பதவியேற்றதும் மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் இந்தக் கட்டணமில்லாப் பயணமும் ஒன்று. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மறுநாளே அமலுக்கு வந்தது. அடுத்து திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் விரிந்தது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என மலைப்பகுதிகளுக்கும் போனது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்கிறது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. கிட்டத்தட்ட ஒரு கேஸ் சிலிண்டர் காசு!

'ஓசி டிக்கெட்' என்று கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் அந்தச் சொல் பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. உண்மையில் இதில் ஓசி எதுவும் இல்லை. அந்தப் பெண் கொடுக்காத காசை அரசு கொடுக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கென ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய். நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி. மாணவர்களின் பஸ் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி தனி. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற அதே அக்காவின் பணமும் இதில் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பயணம் சட்டசபையில் நிறைவேறிய தனிச் சட்டத்தால் வந்ததல்ல. அரசாணையாலும், வருடாவருடம் பட்ஜெட்டில் ஒதுக்கும் பணத்தாலும் ஓடுகிறது. ஒதுக்கீடு குறைந்தாலோ, பணம் தாமதமாக வந்தாலோ அடி விழுவது போக்குவரத்துக் கழகத்துக்குத்தான்.

டிக்கெட் விலையையாவது கழகமே ஏற்றிக்கொள்ள முடியுமா? முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டணம் உயர்ந்தது 2018 ஜனவரியில். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட, அதே மாதத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குப் பின் எந்த ஆட்சி அந்தப் பக்கம் கை வைக்கும்? கர்நாடகம் 2023 ஜூனில் பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தது. 2025 ஜனவரியில் மற்றவர்களுக்கான கட்டணத்தை 15 சதவிகிதம் ஏற்றியது. அது ஒரு வழி. கட்டணத்தைத் தொடாமல் மானியத்தைக் கூட்டிக்கொண்டே போவது தமிழ்நாட்டின் வழி. பயணிக்கு இதுதான் நல்லது, ஆனால் மானியம் குறையாமல் வர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காக்கி உடையைக் கழற்றிவிட்டு வீட்டில் இருக்கும் டிரைவர்களிடமும் கண்டக்டர்களிடமும் கேட்க வேண்டும். 2024 ஜனவரி 9-ல் பொங்கலுக்குச் சில நாள்களே இருந்தபோது தொழிற்சங்கங்கள் ஸ்டிரைக்கில் இறங்கின. ஓய்வுபெற்றவர்களுக்கு 2015 முதல் நின்றுபோயிருந்த அகவிலைப்படி, அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. உயர் நீதிமன்றம் தலையிட்டதும் மறுநாள் போராட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர், மாத்திரை வாங்கும் காசுக்காகக் கோர்ட் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை.

அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வழியில் செக்கிங் ஏறினால் முதலில் கேட்பது அதைத்தான்.