கூடி இழுத்தால் கரை சேரும்

பொத்துவில் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தோணி வலையைக் கடலில் வளைத்து விட்டு வரும். இரு பக்கக் கயிறுகளையும் கரையில் நிற்பவர்கள் ஒரே வேகத்தில் இழுப்பார்கள். ஒரு பக்கத்தார் தம் பலத்தைக் காட்ட முந்தினால் வலை கோணிவிடும். வளைத்த மீனும் தப்பிவிடும்.

இதே பாடத்தை எமது பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை மைதானத்தில் கற்றுத் தரும் விளையாட்டொன்று உண்டு. அதுதான் வலைப்பந்தாட்டம்.

இந்த விளையாட்டின் விதிகளைச் சற்றுக் கவனியுங்கள், சகோதரிகளே! ஓர் அணியில் ஏழு பேர். பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓட முடியாது. மூன்று வினாடிக்குள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாகப் பிரிக்கப்பட்ட மைதானத்தில் ஒரு முழுப் பகுதியைத் தாண்டிப் பந்தை எறியவும் கூடாது. பத்தடி உயர வளையத்துக்குள் பந்தைப் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. மற்ற ஐவரும் ஒரு கோல்கூடப் போடாமலே ஆட்டத்தை வெல்ல வைக்கிறார்கள். “நானே எல்லாம் செய்வேன்” என்பவருக்கு இங்கே இடமே கிடையாது.

எமது நாட்டு வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் குறைவு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவரின் உயரம் ஆறடி பத்து அங்குலம். 2018இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் இவர் விளையாடிய இலங்கை அணி, இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69க்கு 50 என வென்று கிண்ணத்தைக் கொண்டு வந்தது.

அடுத்த ஆண்டு, 2019இல், இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணப் போட்டி. அங்கே எல்லா நாட்டு வீராங்கனைகளையும் முந்தி அதிக கோல்கள் போட்டவர் தர்ஜினிதான், மொத்தம் 348. ஆனால் 16 அணிகளில் இலங்கை பெற்றதோ 15ஆம் இடம்!

அவரது திறமையில் என்ன குறை? ஒன்றுமில்லை. கோல் போடுபவர் தமக்குரிய மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வர விதி இடம் கொடுப்பதில்லை. மறுமுனையில் எதிரணி கோல் மேல் கோல் போட்டாலும் அவர் நின்று பார்க்கத்தான் முடியும். அங்கே தடுக்கவும், நடுவே பந்தைக் கடத்தவும் வேறு கைகள் வேண்டும். உலகின் வலிமையான அணிகளுக்கு முன்னால் ஒருவரின் திறமை மட்டும் போதாது.

தனித்திறமை வேண்டாம் என்பதல்ல இதன் கருத்து. திறமைக்குத் தோள் கொடுப்பவர்களையும் நாம் மதிக்க வேண்டும் என்பதே.

எமது வீடுகளில் நடப்பது என்ன? பரீட்சையில் சித்தியடைந்த மகனை ஊரே பாராட்டுகிறது. அவன் படிக்கும்போது சுபஹுக்கு முன்பே எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுத்த உம்மாவை, தம்பி தங்கையரைச் சத்தமின்றிப் பார்த்துக்கொண்ட ராத்தாவை யார் நினைக்கிறார்கள்? பந்தைக் கடத்திக் கொடுத்தவர்கள் அவர்களல்லவா?

விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம், “எத்தின கோல் போட்ட மகள்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “யாருக்கெல்லாம் பந்து குடுத்த?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை தன் வீட்டிலும் ஊரிலும் பிறருக்குக் கை கொடுக்கத் தயங்காது.