தூர் வாராதவர் எத்தனை நாள் ஜெயிப்பார்?

மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக் கரையோரம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மண்வெட்டி எடுத்தால் கடைமடைவரை தண்ணீர் ஓடும். ஒருவர் மட்டும் தூர் வார வராவிட்டால் அவருக்கு உடம்பு வலி மிச்சம், தண்ணீரும் வந்துவிடும். ஒரே ஒரு தடவைக்கான கணக்கென்றால் ஏமாற்றுவதுதான் லாபம். இருவருமே அப்படிக் கணக்குப் போட்டால் வாய்க்காலில் கோரைதான் மண்டும்.

ஆனால் அடுத்த போகத்துக்கும் அதே இருவர்தானே வரப்போகிறார்கள்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980 வாக்கில் இதைத்தான் கணினியில் ஓடவிட்டார். அறிஞர்கள் அனுப்பிய 14 உத்திகள் ஒன்றோடொன்று 200 சுற்று மோதின. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் கைவிரித்தால் 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்குப் பூஜ்யம். ஜெயித்தது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிக எளிய உத்தி: முதலில் ஒத்துழை; பிறகு எதிராளி போன சுற்றில் செய்ததையே நீயும் செய். தனி ஆட்டம் எதிலும் அது எதிராளியைவிட அதிகப் புள்ளி எடுக்க முடியாது. இருந்தும் மொத்தத்தில் முதலிடம். 62 உத்திகள் வந்த இரண்டாவது போட்டியிலும் அதுவே.

பிறகு ஆக்ஸல்ராட் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளி அதிகம் எடுத்த உத்தி அடுத்த தலைமுறையில் அதிகம் பெருகும் என்று வைத்தார். தொடக்கத்தில் ஏமாற்றுக்காரர்கள் மளமளவென்று பெருகினார்கள், எளிதில் ஏமாறும் அப்பாவிகளைச் சுரண்டி. அப்பாவிகள் தீர்ந்ததும் சுரண்ட ஆளில்லை. மிஞ்சியவர்களிடம் அதிகம் தேறவில்லை. ஏமாற்றுக்காரர்களும் தேய்ந்து போனார்கள். அதிகாரியோ தண்டனையோ அங்கே கிடையாது, நாளையும் சந்தித்தாக வேண்டும் என்பது மட்டும்தான்.

எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் அந்த உத்தியில் ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் தவறிப்போய் ஒரு சுற்று வராவிட்டால் பழிக்குப் பழி முடிவில்லாமல் நீளும். மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992-இல் காட்டியது: இடையிடையே மன்னித்துவிடும் உத்தி அப்படிப்பட்ட உலகில் இன்னும் நன்றாகத் தழைக்கிறது.

கணினியில் எல்லோருக்கும் ஒரே புள்ளிப் பட்டியல். ஊரில் அப்படியில்லை. தமிழ்நாட்டின் 48 பாசனச் சமூகங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பிரணாப் பர்தன், நிலவுடைமையில் ஏற்றத்தாழ்வு கூடிய இடங்களில் ஒத்துழைப்பு குறைவதைக் கண்டார். நகரத் தொடர்பு அதிகமான இடங்களிலும் அப்படியே. சொந்த போர்வெல் வைத்திருப்பவருக்கு வாய்க்கால் தூர்ந்தாலும் பயிர் காயாது. பக்கத்து வயல்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுப் பதிலடி கொடுத்தாலும் அவருக்கு உறைக்காது.