அடுத்தவர் அலையில் பேசும் சில்லு

சுங்கச்சாவடியைக் கடக்கும் காரின் ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மேலே தொங்கும் ரீடர் சுமார் 865 மெகாஹெர்ட்ஸில் அலையை வீசுகிறது. டேக்கில் உள்ள சில்லு அந்த அலையிலிருந்தே துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது.

சொல்லும் விதம்தான் வேடிக்கை. சொந்தமாக ஓர் அலையைக்கூட அது எழுப்புவதில்லை. ஆன்டெனாவோடு ஒரு நுண்சுவிட்ச். ஒரு நிலையில் ஆன்டெனா அலையை விழுங்கும், மறுநிலையில் திருப்பி எறியும். இந்த மாற்றத்தை ரீடர் 0, 1 என்று படித்துக்கொள்கிறது. இதுதான் பின்சிதறல். ரேடியோவில் அலையை உண்டாக்கும் வேலைக்குத்தான் மின்சாரம் அதிகம் தேவை. சுவிட்சைத் தட்ட வாட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு போதும்.

1948-லேயே பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் இதைப் பற்றி எழுதிவிட்டார். 2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சென்னை ஐஐடியில் படித்த ஷ்யாம் கோலகோட்டாவும் சகாக்களும் ரீடரையே தூக்கிப்போட்டார்கள். ஊரில் ஏற்கெனவே பரவியிருக்கும் டிவி அலையைத் திருப்பியே இரண்டு கருவிகள் பேசிக்கொண்டன. எட்டிய தூரம்? இரண்டரை அடி!

தூரம்தான் இங்கே வில்லன். ரீடருக்கும் டேக்குக்கும் இடைவெளி இரட்டித்தால், போகும்போது கால்பங்கு, திரும்பும்போது அதில் கால்பங்கு. மிஞ்சுவது பதினாறில் ஒன்று. போதாததற்கு, மூல அலையே அதை அமுக்கிவிடும். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது போன்ற பாடு.

தப்பிக்க ஓர் அழகான தந்திரம் உண்டு. சுவிட்சை நொடிக்கு 30 லட்சம் முறை தட்டினால், திரும்பும் அலையின் அதிர்வெண் மூல அலையிலிருந்து 30 லட்சம் ஹெர்ட்ஸ் விலகிவிடும். வாங்கும் கருவி அந்தப் பக்கம் மட்டும் காதைத் திருப்பினால் போதும். வெறும் சுவிட்ச், அலைவரிசையையே மாற்றுகிறது!

2017-ல் அதே பல்கலைக்கழகத்தார் இந்தத் தந்திரத்தோடு லோரா என்ற ரேடியோ முறையைச் சேர்த்தார்கள். அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே போகும் அலை அதில் உண்டு. அந்த ஏற்றத்தின் வடிவம் முன்பே தெரிந்திருப்பதால், இரைச்சலுக்கு அடியில் புதைந்திருந்தாலும் கண்டெடுக்கலாம். அலை எழுப்பும் கருவியின் பக்கத்திலேயே டேக்கை வைத்தபோது, 2.8 கிலோமீட்டர் தள்ளிச் செய்தி கேட்டது. சில்லு வடிவமைப்பின் கணக்குப்படி செலவு 9.25 மைக்ரோவாட். ஒரு 9 வாட் எல்இடி பல்பின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் டேக்குகள் பேசலாம்.

வேகம்தான் கொஞ்சம் இடிக்கும். மிக மெதுவான நிலையில் நொடிக்கு 9 பிட்கூட இல்லை, ஓர் எழுத்து தேறினால் அதிகம். அவர்கள் ஓர் ஏக்கர் காய்கறித் தோட்டத்திலும் இதைச் சோதித்தார்கள். மண்ணின் ஈரத்தைச் சொல்ல அந்த வேகம் தாராளம்.