காளை இல்லாத இடபவாகனர்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனர் செப்புத்திருமேனி, அதாவது காளையோடு நிற்கும் சிவனின் உருவம், சோழர் வார்ப்புக் கலையின் உச்சங்களுள் ஒன்று. ஆனால் அதில் காளை இல்லை. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, கால்களை மாற்றி ஊன்றி, மாட்டின்மேல் சாய்ந்து ஊர்க்கதை பேசும் மேய்ப்பனைப்போல நிற்கும் அவ்வுருவத்தின் ஒரு கை, முழங்கை மடிந்து, விரல்கள் தளர்ந்து வெறும் வெளியில் தங்கியிருக்க, அக்கையின் உயரத்தைக் கொண்டே காளையின் உயரத்தைக் கணித்துக்கொள்ளலாம்.

சீர்காழியை அடுத்த திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இத்திருமேனியை, முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டான 1011ஐச் சேர்ந்ததாக அக்கோயிலின் கல்வெட்டைக் கொண்டு அறிஞர்கள் கணிக்கின்றனர். தேவியின் திருமேனி அடுத்த ஆண்டுக்குரியது.

தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்தபின் அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது வார்ப்பு முறை; உள்ளே கூடின்றி முழுதும் உலோகமாக வார்ப்பதைக் கனவார்ப்பு என்பர். ஐம்பொன் என்று பெயர் சொன்னாலும் பெரும்பகுதி செம்புதான். சிலையை வெளியே எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஒரு கருவில் ஓர் உருவமே பிறக்கும். தனியே வார்த்துப் பக்கத்தில் நிறுத்திய காளை பிரிந்துபோனதும், அதற்கு ஈடாக வைக்க இன்னொன்று இல்லாததும் இதனால்தான்.

இவ்வாறு பிரிந்துபோகும் திருமேனிகளுக்குப் புகைப்படமே சாட்சி. புதுச்சேரியில், செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களின் சிலைகளைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் களவுபோய் ஆஸ்திரேலியா சேர்ந்த நடராசர் 2014இல் திரும்பி வந்ததற்கு, அந்நிறுவனத்திலிருந்த பழைய படமும் ஒரு சான்று. கோயிலில் எந்தச் சிலையின் பக்கத்தில் எது நின்றது என்பதைக் கல்வெட்டைவிடத் தெளிவாகக் காட்டுவது இத்தகைய படமே.

நூறாண்டு கடந்த சிலைகளைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது. பழைய சிலையை விலைபேசுவோர் அதன் பதிவுச் சான்றிதழை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.